கார்டு தம்பியுடையது, கடன் மாமாவுடையது

மாதச் சம்பளம் வாங்குபவருக்கு வங்கியே போன் போட்டு கிரெடிட் கார்டு தருகிறது. திருப்பூரில் நான்கு தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவரோ, மதுரையில் செல்போன் கடை வைத்திருப்பவரோ கேட்டால் அதே வங்கி தயங்குகிறது. அவர்களிடம் சம்பளச் சீட்டு இல்லை. வீட்டுக்குள் இந்த வித்தியாசம் ரொம்ப நாள் நிற்பதில்லை. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பியின் கார்டு, அக்கா வீட்டுக்காரரின் கடைக்குச் சரக்கு எடுக்கப் போய்விடுகிறது. "மாப்ள, ஒரே ஒரு தடவை தேய்ச்சுக்கறேன். பார்ட்டி பணம் வந்ததும் போட்டு விட்டுடறேன்" என்பார் மாமா. அக்கா வீட்டு விஷயம் என்பதால் தம்பிக்கு மறுக்க வாய் வராது.

மாமா கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பார்ட்டி பணம் இழுத்தடிக்கும். பண்டிகைக்கு எடுத்த சரக்கு தங்கிவிடும். முதல் மாதம் முழுப் பணம் வரும், இரண்டாவது மாதம் பாதி வரும், மூன்றாவது மாதம் "மினிமம் டியூ மட்டும் கட்டிடு மாப்ள" என்ற வாட்ஸ்அப் செய்தி வரும். தொல்லை அந்தச் செய்தியில்தான் தொடங்குகிறது.

ஊரில் வட்டிக்கு வாங்குபவர்கள் "ரெண்டு வட்டி", "மூணு வட்டி" என்று பேசுவார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று அர்த்தம். மூணு வட்டி என்றாலே வீட்டுப் பெரியவர்கள் "வேண்டாம்ப்பா" என்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் கிரெடிட் கார்டு மூணேமுக்கால் வட்டி. பல கார்டுகளில் மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம் வரை போடுகிறார்கள். அத்துடன் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. வீட்டுக் கடன், நகைக் கடன், பர்சனல் லோன் ஆகியவற்றின் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கார்டு வட்டிக்கு மட்டும் விலக்கு இல்லை. எல்லாம் சேர்த்தால் நூறு ரூபாய்க்கு மாதம் 4 ரூபாய் 42 பைசா. ஒரு லட்சம் நிலுவை இருந்தால் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 147 ரூபாய். மாமா கடையைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு உச்சவரம்பு இல்லையா என்று பலரும் கேட்பார்கள். ஒரு காலத்தில் வந்தது. 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு நிலுவைக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வங்கி வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக நீதிமன்றம் அதில் தலையிட முடியாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டமும் வங்கிகளைத் தொடாது. ஆகவே வட்டி குறையும் என்று காத்திருப்பதில் பயனில்லை. அந்த வட்டி ஓடும் இடத்திலிருந்து கடனை வெளியே எடுப்பது ஒன்றுதான் வழி.

அதற்கு முன் மினிமம் டியூ என்ன செய்கிறது என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தம்பியின் கார்டில் ஒரு லட்சம் நிலுவை என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யவில்லை. மாதா மாதம் பில் தொகையில் 5 சதவீதத்தை மாமா தவறாமல் அனுப்புகிறார். முதல் மாதம் வட்டியும் வரியும் 4,425 ரூபாய். கட்டியது 5,221 ரூபாய். கடன் குறைந்தது 796 ரூபாய்தான். இப்படியே 12 மாதம் போனால், மாமா கையிலிருந்து சுமார் 60,000 ரூபாய் போயிருக்கும். நிலுவை இன்னும் 90,800 ரூபாய்க்கு மேல் நிற்கும்.

இங்கேதான் உறவில் முதல் விரிசல் விழுகிறது. "அறுபதாயிரம் கொடுத்துட்டேனே, இன்னும் நாற்பதுதானே பாக்கி?" என்று மாமா மனசார நம்புகிறார். தம்பியின் கையில் இருக்கும் ஸ்டேட்மென்ட் தொண்ணூறு என்கிறது. இரண்டு பேரும் உண்மைதான் பேசுகிறார்கள். ஆனால் மாமா அந்த ஸ்டேட்மென்ட்டைப் பார்த்ததே இல்லை. மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அந்த வரி தம்பியின் மின்னஞ்சலுக்குப் போகிறது. பணம் கட்டும் மாமாவுக்குப் போவதில்லை. கடன் வேறொருவர் பெயரில் இருந்தால், செலவு செய்தவர் ஒவ்வொரு பில்லையும் முழுதாகப் பார்த்தே ஆக வேண்டும். பில் வந்த அன்றே அந்தப் பி.டி.எஃப்.ஐ அப்படியே மாமாவுக்கு அனுப்புவது தம்பி செய்யக்கூடிய முதல் காரியம். தனியாகக் கோபமோ விளக்கமோ தேவையில்லை, பில்லே பேசும்.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. தம்பி அதே கார்டில் தன் வீட்டு மளிகை, பெட்ரோல், கரன்ட் பில் எல்லாம் போட்டு வந்திருப்பார். மாதா மாதம் முழுதாகக் கட்டியவரை அதற்கு வட்டியில்லாக் காலம் இருந்தது. மாமாவின் நிலுவை நின்றுவிட்ட மாதத்திலிருந்து அந்தச் சலுகை மொத்த கார்டுக்கும் போய்விடுகிறது. தம்பி வாங்கும் பால் பாக்கெட்டுக்கும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். பணம் கட்டும்போது எந்த ரூபாய் யாருடைய செலவுக்கு என்று வங்கி பிரித்துப் பார்ப்பதும் இல்லை. வரி, தவணை, வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் தன் வரிசைப்படி எடுத்துக்கொண்ட பிறகே பொருள் வாங்கிய தொகைக்கு வரும். எனவே நிலுவை இருக்கும் கார்டைத் தம்பி தன் செலவுக்குத் தொடவே கூடாது. இருப்பதைச் செலவுக்கு வைத்துக்கொண்டு டெபிட் கார்டுக்கோ யு.பி.ஐ.க்கோ மாறிவிட வேண்டும்.

சிபில் ஸ்கோர் அடுத்த கவலை. இரண்டு லட்சம் லிமிட்டில் 1,80,000 ரூபாய் நிலுவை நின்றால், தவணை தவறாவிட்டாலும் ஸ்கோர் இறங்கும். லிமிட்டில் பெரும்பகுதியைப் பயன்படுத்துவதே அபாய அறிகுறியாகப் பார்க்கப்படுகிறது. டியூ தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால் தாமதம் என்றே கிரெடிட் நிறுவனங்களுக்கு வங்கி தெரிவிக்கலாம். தம்பி அடுத்த ஆண்டு வீடு வாங்கப் போகிறார் என்று வையுங்கள். ஸ்கோரைப் பார்த்து வீட்டுக் கடன் வட்டியை நிர்ணயிக்கும் வங்கிகள் இன்று பல. 30 லட்சம் கடனை 20 வருடத்துக்கு 8.5 சதவீதத்தில் எடுத்தால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். 9 சதவீதம் என்றால் சுமார் 26,990. அந்த அரை சதவீதம் 20 வருடத்தில் 2,30,000 ரூபாயை ஒட்டி வருகிறது. மாமாவின் ஒரு லட்ச ரூபாய் சரக்குக்காகத் தம்பி தன் வீட்டுக் கடனில் அதைக் கொடுக்க நேரலாம். இது மாமாவுக்குத் தெரியாது என்பதால், தம்பி வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டிய கணக்கு.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது கடனை அடைப்பது அல்ல. கடனை இடம் மாற்றுவதுதான். செலவு செய்தவர் தன் பெயரில், குறைந்த வட்டியில் பணம் எடுத்து, கார்டு நிலுவையை ஒரே தடவையில் முழுதாகக் கட்டிவிட வேண்டும். அதன்பின் அவர் தன் கடனைத் தன் வேகத்தில் அடைக்கலாம். தவணை தாமதமானால் வட்டியும் பொறுப்பும் அவருடையவை. தம்பியின் பெயர் அதில் இல்லை.

"எனக்குத்தான் லோன் கிடைக்கலையே, அதனாலதானே உன் கார்டைக் கேட்டேன்" என்று மாமா சொல்வார். அது பர்சனல் லோனுக்குப் பொருந்தும். நகைக் கடனுக்குப் பொருந்தாது. நகைக் கடனுக்கு அடமானம் தங்கம்தான். சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்கள். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் ஒரு லட்சம் எடுத்து, மாதம் 10,000 வீதம் கட்டினால் 11-ஆவது மாதத்தில் கடன் முடிகிறது. மொத்த வட்டி 5,000 ரூபாய்க்குள். அதே 10,000 ரூபாயைக் கார்டில் மாதா மாதம் கட்டினால் 14 மாதம் ஆகும். வட்டியும் வரியும் சேர்ந்து சுமார் 35,000 ரூபாய். ஆண்டுக்கு 16 சதவீதத்தில் பர்சனல் லோன் கிடைத்தாலும்கூட வட்டி 8,000 ரூபாயை ஒட்டித்தான் வரும். மாதம் கையை விட்டுப் போகும் பணம் எல்லா வழியிலும் ஒன்றுதான். ஆனால் கார்டில் விட்டு வைத்தால் 30,000 ரூபாய் கூடுதலாகக் கரைகிறது.

நகை என்று வரும்போது ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் நகை பெரும்பாலும் அக்காவுடையது, அவர் பிறந்த வீட்டில் போட்டது. கடைக்காகக் கார்டைத் தேய்த்தது மாமா, கார்டு கொடுத்தது தம்பி. இந்த ஏற்பாடு அக்காவுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. அவரை உட்கார வைத்து, பில்லைக் காட்டி, 35,000-க்கும் 5,000-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டுமே வளையல் வங்கிக்குப் போக வேண்டும். மீட்கும் தேதியையும் அன்றே அவரிடம் சொல்லிவிட வேண்டும். பல நகைக் கடன்கள் ஒரு வருடத்தில் அசலும் வட்டியும் ஒன்றாகக் கட்டும் வகை. மாதா மாதம் எதுவும் கேட்காது என்பதால் மறந்துபோகும் ஆபத்து உண்டு. தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். மாதத் தவணை வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

நகையும் இல்லை என்றால்? தம்பி அந்த வங்கியிடமே நிலுவையை இ.எம்.ஐ.யாக மாற்றித் தரச் சொல்லலாம். வட்டி பாதிக்குக் கீழே இறங்க வாய்ப்புண்டு. ஆனால் வட்டிக்கு ஜி.எஸ்.டி. தொடரும், புராசஸிங் கட்டணம் இருக்கும், ஒவ்வொரு மாதத் தவணையும் முழுதாக மினிமம் டியூவில் சேர்ந்துவிடும். வேறு கார்டுக்கு நிலுவையை மாற்றும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரும் இருக்கிறது. சலுகைக் காலம் முடிவதற்குள் அடைத்துவிட முடியும் என்றால் மட்டும். இந்த இரண்டிலும் கடன் தம்பி பெயரிலேயே தங்குகிறது. ஆகவே இவை இரண்டாம் பட்சம்தான்.

செய்யவே கூடாத ஒன்றும் உண்டு. இன்னொரு கார்டைக் கடையில் தேய்த்து, இரண்டு மூன்று சதவீதக் கமிஷனுக்கு ரொக்கம் வாங்கி, அதைக் கொண்டு இந்தக் கார்டு பில்லைக் கட்டும் ரொட்டேஷன். கடன் ஒரு பைசா குறையாது. ஒவ்வொரு சுற்றிலும் கமிஷன் மட்டும் ஏறும். கார்டு ஒப்பந்தத்துக்கும் இது விரோதம். ஏ.டி.எம்.மில் கார்டு போட்டுப் பணம் எடுப்பது அதைவிட மோசம்; எடுத்த நிமிடத்திலிருந்தே வட்டி, மேலே கட்டணம்.

நிலுவை முழுதும் கட்டிய அன்றே கார்டைப் பூட்ட வேண்டும். இதைச் சொல்லும்போது தம்பிகள் தயங்குவார்கள், மாமா தப்பாக நினைப்பாரோ என்று. தயங்க வேண்டாம். கார்டு நம்பர் மாமாவின் போனில், மொத்த வியாபாரத் தளங்களில், இரண்டு மூன்று ஆப்களில் சேமித்து வைத்திருக்கும். ஆன்லைன் பரிவர்த்தனையை ஆஃப் செய்யவும், ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கவும் வங்கி ஆப்பிலேயே வசதி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-லிருந்தே கட்டாயமாக்கியிருக்கிறது. ஓ.டி.பி.யைப் போனில் படித்துச் சொல்லும் பழக்கமும் அன்றோடு நிற்க வேண்டும். ஓ.டி.பி.யை அட்டைதாரரே பகிர்ந்து அதனால் மோசடி நடந்தால், வங்கியில் புகார் செய்யும்வரை ஏற்படும் நஷ்டம் அட்டைதாரருடையது. "ஆட்-ஆன் கார்டு வாங்கித் தந்துடு" என்று யாராவது யோசனை சொன்னால், அதிலும் முழுப் பொறுப்பு முதன்மை அட்டைதாரருக்குத்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பணம் கைமாறும் விதம் முக்கியம். மாமா கையில் ரொக்கமாகக் கொடுத்து, தம்பி அதைக் கிளையில் கட்டுவது பழக்கமான வழி, ஆனால் ஆபத்தானது. ஒரு நிதியாண்டில் ஒரு கார்டுதாரர் ரொக்கமாக ஒரு லட்சமோ அதற்கு மேலோ, வேறு வழிகளில் 10 லட்சமோ அதற்கு மேலோ கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கிறது. அது தம்பியின் பான் கணக்கில் பதிவாகும். 60,000 சம்பளக்காரர் இவ்வளவு செலவு செய்தது எப்படி என்ற கேள்வி அவருக்குத்தான் வரும். மாமா தன் வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கார்டுக்கோ தம்பியின் கணக்கிலோ போட்டு, குறிப்பில் எந்த மாத பில் என்று எழுதிவிட்டால், பதில் சொல்ல ஆதாரம் கையில் இருக்கும்.

எழுதி வாங்குவதும் அப்படியே. புரோநோட்டு என்றதும் வட்டிக்காரர் ஞாபகம் வருகிறது, உறவில் அது எப்படி என்று தோன்றும். ஆனால் மாமாவுக்கு நாளை ஒன்று ஆகிவிட்டால், வங்கிக்கு அவரைத் தெரியவே தெரியாது. முழுத் தொகையும் தம்பிதான் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் அக்காவிடம் போய் "மாமா இவ்வளவு தரணும்" என்று வாயால் சொல்லும் நிலை எந்தத் தம்பிக்கும் வரக் கூடாது. இன்ன தேதியில், இன்ன கார்டில், இவ்வளவு என் செலவு, இதில் இவ்வளவு கட்டியிருக்கிறேன், பாக்கி இவ்வளவு என்று மாமா ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். கொடுத்த கடனைக் கோர்ட்டில் கேட்க மூன்று வருடம்தான் அவகாசம். அந்த அவகாசம் முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிய காகிதம் அதைப் புதுப்பிக்கும். கோர்ட்டுக்குப் போகும் எண்ணம் இல்லாவிட்டாலும், அந்தக் காகிதம் இருக்கும் வீட்டில் கணக்குச் சண்டை குறைவாக நடக்கிறது.

ஏற்கெனவே மூன்று நான்கு மாதம் தவறிப்போன கார்டுகளுக்கு வங்கியிலிருந்து ஒரு அழைப்பு வரும்: "சார், 1,20,000 நிலுவை, 70,000 கட்டிடுங்க, செட்டில் பண்ணிடலாம்." மாமாவுக்கு இது நிம்மதியாகப் படும். 50,000 மிச்சம். ஆனால் தம்பியின் கிரெடிட் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு 'முழுதாக அடைக்கப்பட்டது' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்து கடன் கொடுக்கும் வங்கி எதுவானாலும் அதைப் பார்க்கும். மிச்சம் ஒருவருக்கு, தழும்பு இன்னொருவருக்கு. வேலையே போய், வேறு வழியே இல்லாத நிலையில் மட்டும், இருவரும் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு இது. வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. அட்டைதாரரின் குடும்பத்தாரையோ நண்பர்களையோ தொந்தரவு செய்யவும் கூடாது. மீறினால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

கடைசி பைசா கட்டிய பிறகு அடுத்த ஸ்டேட்மென்ட் வரும்வரை பொறுக்க வேண்டும். பில் போட்ட தேதிக்கும் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாள்களுக்கான வட்டி அடுத்த பில்லில் முந்நூறு, எண்ணூறு என்று வந்து நிற்கும். எல்லாம் முடிந்தது என்று நினைத்து அதை விட்டவர்களுக்குத்தான் லேட் ஃபீயும் தாமதப் பதிவும் விழுகின்றன. அந்தப் பாக்கியையும் கட்டி, நிலுவை பூஜ்யம் என்று கண்ணால் பார்த்துவிட்டு, நோ டியூஸ் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். கார்டே வேண்டாம் என்றால், நிலுவை இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் வங்கி மூடித் தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும். ஒன்றிரண்டு மாதம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். வருடம் ஒரு தடவை இலவசம். பழைய நிலுவை இன்னும் தெரிந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் சரி செய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

மாமாவின் கடைக்கு அடுத்த பண்டிகைக்கும் சரக்கு எடுக்கப் பணம் வேண்டும்தான். அதற்கென்றே 2015-இலிருந்து முத்ரா கடன் இருக்கிறது: அடமானம் இல்லாமல், சிசு வகையில் 50,000 ரூபாய் வரை, கிஷோர் வகையில் 5 லட்சம் வரை. கார்டின் வசதிதான் வேண்டும் என்றால், தன் பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு அதன் மேல் கார்டு வாங்கலாம். அதற்கும் சம்பளச் சீட்டு தேவையில்லை. ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினால் மாமாவுக்கென்று ஒரு சிபில் ஸ்கோர் உருவாகும். ஜி.எஸ்.டி. பதிவும் இரண்டு வருட வருமான வரிக் கணக்கும் கையில் இருந்தால் அவர் போக வேண்டிய இடம் தன் கரன்ட் அக்கவுன்ட் இருக்கும் வங்கிக் கிளை. தம்பி ஒரு நாள் லீவு போட்டுக் கூடப் போய், விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம்.